கத்தரிக்கோலுக்குப் பிறகு...

ஆபீஸில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதற்குச் சம்பளம் தருவார்களா? தருவார்கள். ஏழு வருஷமாக எனக்குத் தருகிறார்கள். வீட்டில்தான் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

சென்னையில் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலை. ரிசர்வ் வங்கி என்ன சொல்கிறது, செபி என்ன சொல்கிறது, பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன என்று தினமும் பார்க்க வேண்டும். நமக்குச் சம்பந்தப்பட்டதை எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். யாருக்குத் தெரிய வேண்டுமோ அவருக்குச் சொல்ல வேண்டும். கேட்பதற்குச் சுலபம். செய்து பார்த்தால்தான் முதுகு சொல்லும்.

எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் எங்கள் செக்‌ஷன் பெரியவர். பெரியவர் என்றால் கோபித்துக்கொள்வார், தலைக்கு டை அடிப்பவர். 'சார்' என்றே வைத்துக்கொள்வோம். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆயுதம் மூன்று: கத்தரிக்கோல், கோந்து, சிவப்பு மசிப் பேனா. செய்தியை வெட்டி, வெள்ளைத் தாளில் ஒட்டி, மேலே பத்திரிகையின் பெயரும் தேதியும் எழுதி, இரண்டு ஓட்டை போட்டு ஃபைலில் கோத்துவிடுவார். ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் ஏதோ கிறுக்கியும் வைப்பார். அந்தக் கிறுக்கலுக்குப் பிறகு வருகிறேன்.

கம்ப்யூட்டர் வந்தது. கோந்து போனது, வேலை போகவில்லை. ஒவ்வொரு தளமாகத் திறந்து, பி.டி.எஃப்.பை இறக்கி, பெயர் மாற்றி, ஷேர்பாயின்ட்டில் ஏற்றி, தேதி, வெளியிட்டவர், பிரிவு என்று கட்டம் கட்டமாக நிரப்பி, மெயில் அனுப்பி நிமிர்ந்தால் மணி பதினொன்றரை. கத்தரிக்கோல் பிடித்த கை மவுஸைப் பிடித்தது, அவ்வளவுதான் முன்னேற்றம்!

இதை மெஷினிடம் தள்ளிவிட முடியாதா? முடியும். அதற்கான சரக்கு 1999-லேயே வந்துவிட்டது. பெயர் ஆர்.எஸ்.எஸ். (அரசியல் இல்லை சார், இது வேறு!) ஒரு வலைத்தளம் புதிதாக என்ன வெளியிட்டிருக்கிறது என்பதைத் தலைப்பு, இணைப்பு, தேதி, சுருக்கம் என்று மெஷினுக்குப் புரிகிறபடி எழுதிவைக்கும் பட்டியல். ஹோட்டல் வாசலில் 'இன்றைய ஸ்பெஷல்' என்று போர்டு வைப்பார்களே, அது மாதிரி. உள்ளே போய் சர்வரைக் கேட்க வேண்டாம். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இதை உருவாக்கியவர்களில் ஒருவர், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ராமநாதன் குஹா. எல்லாம் நம்ம ஊர்த் தண்ணி!

பல ஹோட்டல் போர்டுகளை ஒரே இடத்தில் கொண்டுவந்து காட்டுவதுதான் நியூஸ் ரீடர். கூகுள் ரீடர் 2005-ல் வந்து, 2013 ஜூலை 1-ம் தேதி கடையை மூடியது. ஆர்.எஸ்.எஸ். கதையே முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள். முடியவில்லை. ஃபீட்லி, இனோரீடர் என்று வேறு கடைகளில் வியாபாரம் நடக்கிறது. ரிசர்வ் வங்கியும் செபியும் தங்கள் அறிவிப்புகளை இந்த வடிவிலும் தருகின்றன.

ஆக, இந்தப் பக்கம் நியூஸ் ரீடர், அந்தப் பக்கம் ஷேர்பாயின்ட். நடுவே பாலம் போட பவர் ஆட்டோமேட், ஸேப்பியர் மாதிரி சேவைகள் இருக்கின்றன. 'புதிதாக ஒன்று வந்தால், இதைச் செய், பிறகு அதைச் செய்' என்று கட்டங்களை அடுத்தடுத்துக் கோக்க வேண்டும். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. பூ தொடுக்கிற பொறுமை இருந்தால் போதும்.

இதைக் கட்டச் சொல்லி மேனேஜர் என்னிடம் கொடுத்தார். கேன்டீனில் அன்றைக்கே பேச்சு கிளம்பிவிட்டது: "சாரோட சீட்டுக்கு ஆபத்து!" சாருக்கும் அது காதில் விழுந்திருக்கும். மறுநாள் காலை நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"தம்பி, ரெண்டே ரெண்டு கேள்வி கேக்கலாமா?"

கேட்டது நாலு.

முதல் கேள்வி: "மெஷின் போடற தேதி எந்த ஊர்த் தேதி?" நியாயம்தானே! பாலம் ஓடுவது உலகப் பொது நேரத்தில். நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். விடியற்காலை நாலு மணிக்குப் பத்திரிகைத் தளத்தில் ஏறும் செய்திக்கு, மெஷின் கணக்கில் முந்தின நாள் ராத்திரி பத்தரை. அப்படியே விட்டால் ஃபைலில் முதல் நாள் தேதிதான் விழும். எனவே, இந்திய நேரத்துக்கு மாற்ற ஒரு கட்டம்.

இரண்டாவது: "செய்தித் தலைப்பையே ஃபைலுக்குப் பேரா வைக்கப்போறியா?" ஷேர்பாயின்ட்டில் ஃபைல் பெயருக்குள் கேள்விக்குறி ஆகாது, முக்காற்புள்ளி ஆகாது, சாய்கோடு ஆகாது. கேள்விக்குறி இல்லாத தலைப்புக்கு நான் எங்கே போவேன்? ஆகவே, பெயர் என்பது தேதி, வெளியிட்டவர், வரிசை எண். தலைப்புக்குத் தனிக் கட்டம்.

மூன்றாவது: "எது நமக்கு வேணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?" சொல்லை வைத்துத்தான் வடிகட்ட வேண்டும். சும்மா 'பேங்க்' என்று ஆங்கிலத்தில் கொடுத்துப் பாருங்கள். பிளட் பேங்க் வரும், வோட் பேங்க் வரும், பாலஸ்தீனத்து வெஸ்ட் பேங்க் வரும், போனால் போகிறதென்று நம்ம பேங்க்கும் வரும். எந்தச் சொல் வேண்டும் என்பதைவிட எந்தச் சொல் வேண்டாம் என்பதுதான் பெரிய பட்டியல். அதைச் சார் மனப்பாடமாகச் சொன்னார். நான் தட்டச்சு செய்தேன்.

நாலாவதுதான் விஷயம். "அதே தலைப்புல மறுபடி வந்தா என்ன பண்ணும்?"

ரிசர்வ் வங்கியின் மாஸ்டர் டைரக்‌ஷன் என்று ஒன்று உண்டு. ஒரு விஷயத்தைப் பற்றிய விதிகளை ஒரே ஆவணமாகத் தொகுத்துத் தருவது. விதி மாறினால் தலைப்பு மாறாது, உள்ளே மாறும். இன்ன தேதி வரை புதுப்பிக்கப்பட்டது என்று மட்டும் ஒரு வரி இருக்கும். இதைத் தலைப்பைப் பார்த்தே தரம் பிரிக்கும் மெஷினிடம் கொடுத்தால், 'இது ஏற்கெனவே இருக்கிறதே' என்று தூக்கிப் போடலாம். இல்லையென்றால் பழசின் மேல் புதுசை எழுதிவிடலாம். இரண்டுமே வினை.

"இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவர் இன்னிக்கு என்ன ரூல்னு கேக்கமாட்டார் தம்பி, அது அவருக்கே தெரியும். நீ அந்த லோன் குடுத்த அன்னிக்கு என்ன ரூல் இருந்துச்சுன்னு கேப்பார்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நியூஸ் ரீடருக்குப் புதுசு வேண்டும். ஆவணக் கிடங்குக்குப் பழசு வேண்டும். முன்னது மாமியார், பின்னது மருமகள். நடுவே பாலம் போடுகிறவன் இரண்டு பேர் பேச்சையும் கேட்டாக வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் தனிப் பதிப்பாக வைத்துக்கொள்ளும் வசதியைப் போட்டோம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை அமல் என்று இரண்டு கட்டங்களைச் சேர்த்தோம். பத்திரிகைச் செய்தியை முழுசாக நகலெடுத்தால் காப்புரிமை வம்பு என்பதால் தலைப்பும் இணைப்பும் மட்டும். அரசு அறிவிப்பென்றால், இணைப்பு நாளைக்கு இருக்குமோ இருக்காதோ, பி.டி.எஃப்.பே உள்ளே வரும்.

மூன்று வாரச் சோதனைக்குப் பிறகு ஓட ஆரம்பித்தது. பதினொன்றரை மணி வேலை பத்துக்குள் முடிகிறது. "மெஷின் லீவே போடாது, பார்த்தீங்களா!" என்றார் மேனேஜர், சாரைப் பார்த்துக்கொண்டே. சார் சிரித்தார். "லீவு போடாது சார். ஆனா வரலைன்னாலும் சொல்லாது."

சத்தியமான வார்த்தை. தளத்தின் முகவரி மாறிவிட்டால் போர்டு காலியாகவே தெரியும். செய்தி ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று நாம் காபி குடிக்கப் போய்விடுவோம். இரண்டு வேலை நாள் எதுவுமே வராவிட்டால் மணியடிக்க இன்னொரு பாலம் கட்டினேன்.

சரி, பென்சில் கிறுக்கல். பழைய ஃபைல்களை ஸ்கேன் செய்யும்போது படித்தேன். 1997-ல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, நிதி நிறுவனங்கள் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று வந்ததே, அந்தச் செய்தியின் ஓரத்தில் சார் எழுதியிருந்தது: 'நமக்கும் உண்டு. டெபாசிட் செக்‌ஷனுக்கு இன்றே சொல்லவும்.' ஒன்றரை வரி. சென்னையில் நிதி நிறுவனங்கள் மளமளவென்று சாய்ந்த காலத்தில் எங்கள் நிறுவனம் தாக்குப்பிடித்ததில் இந்த ஒன்றரை வரிகளுக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும்.

ஷேர்பாயின்ட்டில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் வைத்தேன். மற்றதையெல்லாம் மெஷின் நிரப்பும். இதை மட்டும் நிரப்பாது. சார் எழுதி ஒப்புதல் கொடுத்தால்தான் மெயில் கிளம்பும். கேன்டீன் பேச்சு அதோடு நின்றது.

அடுத்த வருஷம் சார் ரிட்டயர் ஆகிறார். அந்தக் கட்டம் என் பேருக்கு வருகிறது. தினம் ஒரு சுற்றறிக்கையைக் கொடுத்து, "ஒன்றரை வரியில் எழுது, பார்க்கலாம்" என்கிறார். இதுவரை நான் எழுதியதில் மிகச் சின்னது ஆறு வரி.