வாஞ்சூர் தாண்டினால் வேற ரேட்!

ஆபீஸில் யாரிடமாவது 'சொந்த ஊர் காரைக்கால்' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு கேள்விகளில் ஒன்று நிச்சயம். நாற்பதைத் தாண்டியவர் என்றால், "திருநள்ளாறு பக்கத்துல தானே சார்? சனிக்கிழமை கூட்டம் எப்படி?" முப்பதுக்குக் கீழே என்றால் குரலைத் தாழ்த்தி, "பாஸ், அங்க ஃபுல் என்ன ரேட்?" இரண்டு கேள்விக்கும் ஒரே வேனில் ஆள் ஏற்றிக்கொண்டு வருகிற கோஷ்டிகளும் உண்டு. காலையில் நளதீர்த்தம், சாயங்காலம் வேறு தீர்த்தம்!

சனீஸ்வரனுக்கும் சரக்குக்கும் நடுவே ஒரு ஊர் இருக்கிறது ஐயா. அங்கே தெரு இருந்தது, கடை இருந்தது, நாங்களும் இருந்தோம்.

மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். வடக்கே பூவம், தெற்கே வாஞ்சூர். 1739ல் தஞ்சாவூர் மராட்டிய அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. 1954 நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி எல்லாம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16. இதனால் எங்கள் ஊர் கவர்ன்மென்ட் ஊழியருக்கு ஆகஸ்ட் 15 லீவு, 16 லீவு, நவம்பர் 1-ம் லீவு. ஒரே ஒரு சுதந்திர தினத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளும் மற்ற இந்தியர்கள் பொறாமைப்படலாம்.

போகிறபோது பிரெஞ்சுக்காரன் சிலதை விட்டுவிட்டுப் போனான். போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி. பஞ்சாயத்துக்குக் 'கொம்யூன்' என்று ஒரு பேர். பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிக்கொண்ட குடும்பங்கள். எங்கள் தெருவில் ஒரு பிரெஞ்சு பென்ஷன் தாத்தா இருந்தார். சைக்கிளில் போகிற எங்களைப் பார்த்து 'போன்ழூர்' என்பார். நாங்கள் 'போயிட்டு வரேன் தாத்தா' என்போம். பதில் பொருத்தமாகத்தான் இருந்தது. அவர் பிள்ளைகள் பாரிஸில். வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது.

எல்லாவற்றையும் விட முக்கியமாக அவன் விட்டுப்போனது அந்த எல்லைக் கோடு.

1941ல் பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சு இந்தியாவும் சுங்கத்தை ஒன்றாக்கிக்கொண்டன. 1949ல் அந்த ஏற்பாடு முறிந்து, எல்லையில் மறுபடி சோதனை. வெளிநாட்டு வாட்ச்சும் பேனாவும் எப்படி எப்படியெல்லாம் கோட்டைத் தாண்டின என்று பெரியவர்கள் சொன்ன கதைகளை இங்கே எழுதினால் எடிட்டர் வெட்டிவிடுவார். இந்தியாவோடு சேர்ந்த பிறகு சுங்கம் போயிற்று. ஆனால் கோடு போகவில்லை, விற்பனை வரி என்று வேஷம் மாற்றிக்கொண்டது. தமிழ்நாட்டில் ஒரு வரி, புதுச்சேரி யூனியனுக்குச் சொந்தமான எங்கள் ஊரில் பல சாமான்களுக்கு அதைவிடக் கம்மி. அதே கம்பெனி, அதே மிக்ஸி, அதே அட்டைப்பெட்டி. வாஞ்சூர் தாண்டினால் வேற ரேட்!

நான் படித்தது பி.காம். ஆனால் விற்பனை வரி என்றால் என்ன என்பதை எட்டு வயதிலேயே சித்தப்பா கடை வாசலில் உட்கார்ந்து கற்றுக்கொண்டுவிட்டேன்.

பாரதியார் சாலையில் பத்தடி அகலத்தில் ஒரு எலெக்ட்ரிக்கல் கடை. தை பிறந்தால் போதும், நாகப்பட்டினம், திருவாரூர், மாயவரம் என்று சுற்றுப்பட்டு ஊர்களின் கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லாம் அங்கேதான். மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், டேப் ரெக்கார்டர். பெண்ணைப் பெற்றவர் சட்டை உள்பாக்கெட்டைத் தடவிக்கொண்டே, "நாகப்பட்டினத்துல இதே மாடல் கம்மியா சொல்றாங்களே" என்பார். சித்தப்பா அசர மாட்டார். "அப்போ அங்கயே வாங்கிக்குங்க மாமா. பஸ் சார்ஜ் மிச்சம்." அந்த 'மாமா'வில் ஆள் விழுந்துவிடுவார். கூட வந்த அத்தைக்கு ஒரு கோலி சோடா. பில் போட்டு முடித்ததும் பெட்டியை எப்படி எடுத்துப் போவது என்று கிளாஸ். "கண்டக்டர்கிட்ட லக்கேஜ் போட்டுக்குங்க. செக்போஸ்ட்டுல கேட்டா பொண்ணு கல்யாணத்துக்குன்னு சொல்லுங்க, பில்லைக் காட்டுங்க. பயப்படாதீங்க!" அவர் பயப்படாதீங்க என்று சொன்ன பிறகுதான் அவர்களுக்குப் பயமே வரும்.

கடைக்கு ஒரு பக்கம் கேசட் ரெக்கார்டிங் சென்டர். லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் மூன்று நாளில் அறுபது நிமிஷக் கேசட். இன்னொரு பக்கம் அத்தர், செருப்பு, தொப்பி விற்கிற பாய் கடை. மஸ்தான் சாகிப் தர்கா கந்தூரி வந்தால் பாய்க்கு வியாபாரம், மாதா கோவில் திருவிழா வந்தால் எதிர்ச் சாரி டெய்லருக்கு வியாபாரம், மாங்கனி வந்தால் எல்லாருக்கும் நஷ்டம்.

நஷ்டம் என்று சும்மா சொல்லவில்லை. காரைக்கால் அம்மையார் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் வணிகர் குடும்பத்தில். கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய சரக்கு மாம்பழம் இரண்டு. அடியாருக்குப் போட்டது ஒன்று. கணவன் சாப்பிட்டது ஒன்று. 'இன்னொன்று எங்கே?' என்று அவன் கேட்டான் பாருங்கள், அதுதான் எங்கள் ஊரின் முதல் ஸ்டாக் ஆடிட். கணக்கில் இல்லாத பழம் கைக்கு வந்ததும் அந்த வியாபாரி கப்பலேறிப் போய்விட்டான். டேலி ஆகாத கணக்கைக் கண்டால் எந்த வணிகனுக்கும் அந்த பயம் உண்டு.

ஆனி மாதப் பௌர்ணமியில் பிட்சாடனர் வீதி உலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவார்கள். கீழே கூட்டம் பிடிக்கும். எங்கள் கடை மொட்டை மாடியிலிருந்தும் இரண்டு கூடை. பழைய பேரேடுகளைப் புரட்டினபோது பார்த்தேன், வருஷா வருஷம் 'மாங்கனி - 2 கூடை' என்று பற்று எழுதியிருக்கிறது. எந்தத் தலைப்பில் தெரியுமா? விளம்பரச் செலவு!

நான் காலேஜில் சேர்ந்தபோதே அந்தக் கோடு அழிய ஆரம்பித்துவிட்டது. மாநிலங்கள் வரியைக் குறைத்து ஒன்றுக்கொன்று போட்டி போட வேண்டாம் என்று 2000 ஜனவரியிலிருந்து குறைந்தபட்ச விற்பனை வரி விகிதம் வைத்தார்கள். 2007ல் தமிழ்நாட்டிலும் சரி, புதுச்சேரியிலும் சரி, 'வாட்' வந்தது. 2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. வந்ததும் மிக்ஸிக்கு நாகப்பட்டினத்திலும் காரைக்காலிலும் ஒரே வரி. டெல்லியிலும் அதேதான். வணிக வரிச் சோதனை போயே போச்சு. நாடு முழுக்க லாரிக்காரர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். தப்பில்லை, அவர்கள் நின்ற நிலை அப்படி. ஒரு பி.காம். ஆசாமியாக எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது. ஆனால் பத்தடிக் கடை ஒன்று முப்பது வருஷமாக நின்றதே அந்த வித்தியாசத்தின் மேல்தான் என்று எனக்குத் தெரியும். வித்தியாசம் போனால் அப்புறம் எந்த மாயவரத்து மாமா பஸ் ஏறி வருவார்?

வரவில்லை. மிச்சம் இருந்தவர்களையும் செல்போன் இழுத்துக்கொண்டது. ரெக்கார்டிங் சென்டர் எப்போதோ போயிற்று. அங்கே செல்போன் கவர் தொங்குகிறது. டெய்லர் கடை இடத்தில் பெரிய துணிக்கடை. பாய் கடை மட்டும் இருக்கிறது. மகன் பார்த்துக்கொள்கிறார். அத்தருக்கு எந்தக் காலத்திலும் கோடு தேவைப்படவில்லை போலிருக்கிறது.

எல்லாமே போயிற்று என்று ஒப்பாரி வைக்கவும் முடியாது. 1898ல் வந்த பேரளம் ரயில் 1987ல் நின்றுபோனது. நான் அதில் ஏறினதே இல்லை, அப்பா சொல்லிக் கேட்டதுதான். 2011ல் நாகூர் வழியாக மறுபடி ரயில் வந்தது. பேரளம் பக்கமும் இப்போது அகலப்பாதை போட்டுவிட்டார்கள். என்.ஐ.டி. வந்திருக்கிறது, ஜிப்மர் கிளை வந்திருக்கிறது, கீழவாஞ்சூரில் துறைமுகம் வந்திருக்கிறது. ஊர் வளர்கிறது. பாரதியார் சாலையில் ஸ்கூட்டர் நிறுத்த இடம் கிடைப்பதில்லை.

ஜி.எஸ்.டி.யின் கைக்குள் வராமல் தப்பித்தவற்றில் எங்களுக்கு முக்கியமானவை இரண்டு: பெட்ரோல், மது. ஆகையால் கோட்டின் மிச்சமெல்லாம் அந்த இரண்டில்தான். எல்லை பங்க்குகளில் தமிழ்நாட்டு வண்டிகள் டேங்க்கை நிரப்பிக்கொண்டு போகின்றன. வாஞ்சூரிலும் நண்டலாற்றிலும் இப்போது தேடுவது மிக்ஸியை அல்ல, பாட்டிலை.

போன வருஷம் சித்தப்பா ஃபோன் பண்ணினார். "டேய் தம்பி, நீதானே கணக்குப் படிச்சவன். ஒரு நாள் வந்துட்டுப் போ."

போனேன். மேஜை மேல் இரண்டு காகிதம். ஒருவர் ஒயின் ஷாப் வைக்கக் கடையைக் கேட்கிறார், பெரிய வாடகை, பத்து மாத அட்வான்ஸ். இன்னொருவர் ஆன்லைன் பார்சல்களை வைத்து டெலிவரி பண்ண இடம் கேட்கிறார், அதில் பாதிகூட இல்லை. கடை ஐந்து வருஷமாக நஷ்டம். சித்தப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் பாக்கி. கூட்டிக் கழித்துப் பார்த்தால் விடை ஒன்றுதான், அதை நானும் சொன்னேன்.

உள்ளேயிருந்து சித்தி வந்தார். "நாப்பது வருஷம் பொண்ணு கல்யாணத்துக்குச் சாமான் கொடுத்த வாசல்டா இது" என்றார். காபியை வைத்துவிட்டுப் போய்விட்டார். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் காபியைப் பார்த்தேன். முதல் காகிதத்தை அவர் நாலாக மடித்து, கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொண்டார். ஆபரேஷனை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று முடிவாயிற்று. அது சரியான முடிவுதானா என்று என்னைக் கேட்காதீர்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்தக் கணக்கு வரவில்லை.

இப்போது அந்தப் பத்தடிக் கடையில் தரையிலிருந்து கூரை வரை அட்டைப்பெட்டி. தை மாதம் போயிருந்தபோது பார்த்தேன், பாதிக்கு மேல் மிக்ஸி, ஃபேன், குக்கர். சித்தப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். டெலிவரிப் பையன்களுக்கு அவர்தான் மேப். "அந்த வீட்டுக்கு நம்பர் இருக்காதுடா, மாதா கோவில் தாண்டி ரெண்டாவது சந்து, வாசல்ல முருங்கை மரம்."

ஒரு பெட்டியை விரலால் தட்டி, "இது என்ன ரேட் தம்பி?" என்று கேட்டார்.

"தெரியாது அங்கிள். எல்லாம் ஆன்லைன்லயே கட்டிட்டாங்க. எங்களுக்குப் பின்கோடு மட்டும்தான் வரும்."

609602. மயிலாடுதுறைக்கும் எங்களுக்கும் முதல் மூன்று எண் ஒன்றே. தபால் இலாகாவுக்கு மட்டும் எந்தக் கோடும் கண்ணில் பட்டதில்லை. சித்தப்பா பெட்டியின் எடையைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "மூணு ஜார் மாடல்" என்றார். பையன் ஸ்டிக்கரைப் படித்துப் பார்த்தான். மூன்று ஜார்தான்.