உப்புக் காற்றும் ஒரு பழைய லாண்ட் றோவரும்

யாழ்ப்பாணப் பட்டினத்தை விட்டுப் பண்ணைத் தாம்போதியில் ஏறியதும் காற்றின் சுவையே மாறிவிடுகின்றது. இருபுறமும் ஆழமற்ற பரவைக் கடல்; உதட்டில் உப்பு. வேலணையையும் புங்குடுதீவையும் கடந்து செல்லும் தெரு குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிகின்றது. அப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகே துணை. இவ்வழிச் செல்லும் யாத்திரிகர் கோபுரத்தையும் கடலையும் காண்பர்; வீடுகளின் யன்னற் கம்பிகளையும் கதவுப் பிணைச்சல்களையும் நோக்குவோர் சிலரே. அவற்றை அரித்திருக்கும் கறள், தீவு வாழ்வின் பாதிக் கதையைச் சொல்லும்.

அக்கறளோடு எங்கள் வேலணை வீடு ஐந்தாண்டுகள் போராடியது. காரணம், முற்றத்து வேம்பின் கீழ் நிற்கும் 1950களின் லாண்ட் றோவர் வண்டி.

இவ்வண்டியின் பிறப்பே தட்டுப்பாட்டின் விளைவு. இரண்டாம் உலகப் போரின் பின் இங்கிலாந்தில் உருக்குக்குப் பஞ்சம். ஆதலால் றோவர் நிறுவனத்தின் மோறிஸ் வில்க்ஸ் எண்ணி உருவாக்கிய வண்டி, 1948 ஏப்ரல் 30ஆம் நாள் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் அலுமினியக் கலப்புலோக உடலோடு தோன்றிற்று. ‘செசி’ எனப்படும் அடிச்சட்டம் உருக்காலானது. அலுமினியத்தில் கறள் ஏறாதாகையால், தீவுக்கு ஏற்ற வண்டி இதுவே என எண்ணத் தோன்றும். உண்மை வேறு. அடிச்சட்டம் பெட்டிபோல் உள்ளே வெறுமையானது; புகுந்த உப்பீரம் உள்ளிருந்தே அரிக்கும். இரு உலோகங்களும் தொடுமிடத்திலோ மின்கலத்தில் நிகழும் வினையே நிகழ்ந்து, அலுமினியம் வெண்பொடியாய் உதிரும். இரசாயனம் பயிலும் மாணவர் இதனைக் கதவடியில் விரலால் தொட்டறியலாம்.

முதலாண்டு கழற்றுவதிலேயே கழிந்தது. இறுகிய நட்டுகளை எண்ணெயில் நாட்கணக்கில் ஊறவைத்தோம். அடுத்த ஈராண்டுகளில், சுத்தியலால் தட்ட மந்தமாய் ஒலித்த அடிச்சட்டப் பகுதிகளை வெட்டிப் புதுத்தகடு ஒட்டினோம். உலோகங்கள் ஒன்றையொன்று தொடாதிருக்க இடையே றப்பர் வைத்தோம். நான்காம் ஆண்டில் இயந்திரம் யாழ்ப்பாணத்து மெக்கானிக் ஒருவரிடம் போயிற்று. 1990களின் தடைக்காலத்தில், சில துளி பெற்றோலால் தொடக்கி மண்ணெண்ணெயில் ஒஸ்ரின், மொறிஸ் கார்களை ஓடவைத்த பரம்பரை அன்றோ அது!

ஆயினும் உப்பைக் கழுவ நன்னீர் வேண்டும். தீவுகளில் அதுவே அரிது. மழைநீர் நிலத்தடியில் உவர்நீரின்மேல் மெல்லிய படையாகத் தங்குகின்றது; அளவுமீறி இறைத்தால் உவர் மேலெழுந்து கிணற்றைக் கெடுத்துவிடும். “தம்பி, சனம் குடத்தோடை அலையேக்கை குடிக்கிற தண்ணியை இரும்புக்கு ஊத்தலாமோ?” என்றார் என் தாயார். அதற்கு மறுமொழி இல்லை. கூரைநீரைச் சேர்க்கத் தொட்டி கட்டினோம். ஐப்பசி தொடங்கி மார்கழிவரை மழை தந்ததே வண்டியின் பங்கு. கிணற்றில் ஒரு வாளியும் அதற்காக அள்ளியதில்லை. வேலையின் வேகத்தை மாரிமழையே வகுத்தது. ஐந்தாண்டு சென்றதும் அதனாலேயே.

1990இல் போரினால் மக்கள் பெயர்ந்தபின் பூட்டிக்கிடந்த வீடுகள் பல, இன்றும் ஊர்காவற்றுறை வழியில் கூரையின்றி நிற்கின்றன. அவற்றை அழித்தது போர் மட்டுமன்று. துடைப்பாரும் கழுவுவாரும் இல்லாத ஆண்டுகளுமே. இத்தீவுகளில் எதனையும் ஒருமுறை திருத்திவிட்டு ஓய முடியாது. அருகே ஆள் இருக்கவேண்டும்.

வண்டி இப்போது ஓடுகின்றது. அடுத்த மாரிக்கு முன் கதவுகளை மறுபடி கழற்றிப் பார்க்கவேண்டும்.