வேகம் பிறந்த வீதியிலே...



கார் என்றால் அது ஆண்களின் பேச்சு என்று நினைத்து இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நானும் அப்படி நினைத்தவள்தான். எங்கள் வீட்டு வாசலில் வாப்பாவும் நானாமாரும் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் கதைத்துக்கொண்டிருப்பார்கள். தேநீரைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிடுவதோடு என் பங்கு முடிந்துவிடும். ஆனால் 2023 ஓகஸ்ட் 19ஆம் திகதி, அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரை அடுத்த ஒரு வீதியோரத்தில் மடக்குக் கதிரை போட்டு அமர்ந்து கழித்த ஒரு சனிக்கிழமை, அந்தப் பேச்சில் எங்களுக்கும் பங்குண்டு என்பதை எனக்கு உணர்த்தியது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

ஒரு நெடுஞ்சாலையின் கதை

என் தங்கச்சியின் மகள் குடும்பத்தோடு டியர்போர்னில் இருக்கிறாள். டெட்ரொயிட்டுக்குப் பக்கத்து ஊர் அது. கடைகளின் பெயர்ப்பலகைகளில் அரபு எழுத்துக்களைப் பார்த்ததும் நான் இருப்பது அமெரிக்காதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. போர்ட் கார்த் தொழிற்சாலைகளில் வேலை தேடி லெபனானிலிருந்தும் யெமனிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே நிறைந்திருக்கிறார்கள்.

"பெரியம்மா, நாளைக்கு உங்களை ஒரு புதினமான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்றாள் மகள். அப்படிப் போன இடந்தான் வூட்வர்ட் வீதி.

நீங்கள் எப்போதாவது அந்தப் பக்கம் போக நேர்ந்தால், டெட்ரொயிட் ஆற்றங்கரையிலிருந்து புறப்பட்டு வடமேற்காகப் பொன்டியாக் நகர் வரை இந்த வீதியில் போய்ப் பாருங்கள். தூரம் 25 மைல்களுக்கு மேல். மோட்டார் வாகனத்தின் வரலாறு முழுவதையும் இரு பக்கமும் பார்த்துக்கொண்டே போகலாம்.

முதலில் வருவது ஹைலண்ட் பார்க். கார்கள் நகர்ந்து வர, தொழிலாளி நின்ற இடத்தில் நின்றபடி ஒரே வேலையைச் செய்யும் முறையை ஹென்றி போர்ட் 1913இல் தொடங்கியது இங்குள்ள தொழிற்சாலையில்தான். 1914இல் நாட்கூலி 5 டொலர் என்று அவர் அறிவித்ததும் உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் வந்து குவிந்தனர். அவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். 1921இல் அதே ஊரில் அவர்கள் ஒரு பள்ளிவாசலைக் கட்டி எழுப்பினார்கள். அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. என்றாலும் அமெரிக்க மண்ணில் பள்ளிவாசலுக்கென்றே எழுப்பப்பட்ட முதற் கட்டடங்களில் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகிறது.

இன்னும் சற்று வடக்கே போனால், 6ஆம் மைல் வீதிக்கும் 7ஆம் மைல் வீதிக்கும் இடைப்பட்ட ஒரு மைல் வருகிறது. 1909இல் கொங்கிரீட் போடப்பட்ட துண்டு அது. நாட்டின் முதலாவது கொங்கிரீட் நெடுஞ்சாலை மைல் என்று பெயர் பெற்றது. அதையும் கடந்து நகர எல்லையைத் தாண்டியதும் வீதி அகன்று விரிகிறது. நடுவில் புல்வெளி, இரு பக்கமும் நான்கு நான்கு ஓடுபாதைகள், இடையிடையே சமிக்ஞை விளக்குகள். 1950களிலும் 60களிலும் இளைஞர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சிவப்பு விளக்கில் இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக நிற்கும். பச்சை விழுந்ததும் அடுத்த விளக்கு வரை யார் முந்துவது என்று பந்தயம். கார்க் கம்பனிகளின் பொறியியலாளர்களே புதிய எஞ்சின்களை இரவில் கொண்டுவந்து இங்கே ஓட்டிப் பார்த்தார்கள் என்பது அவ்வூரார் சொல்லிச் சொல்லி மகிழும் கதை.

அந்த நாட்களின் நினைவாகத்தான் ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை பழைய கார்களின் ஊர்வலம் நடக்கிறது. 1995இல் பேர்ண்டேல் என்ற சிற்றூரில், பிள்ளைகளுக்கு ஓர் உதைபந்தாட்ட மைதானம் அமைக்கப் பணம் சேர்ப்பதற்காகத் தொடங்கியது. கொரோனாவினால் 2020இல் மட்டும் நின்றுபோனது. இப்போது இலட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். பந்தயமெல்லாம் கிடையாது. கார்கள் ஊர்ந்துதான் செல்கின்றன.

குடும்பக் காரில் ஒரு பெரிய இருதயம்

நான் அமர்ந்திருந்த இடம் ரோயல் ஓக் என்ற ஊரில். கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகக் கார்கள். எஞ்சின்களின் உறுமல் நெஞ்சுக்குள்ளே அதிர்ந்தது. இவற்றை அவர்கள் 'மஸில் கார்' என்கிறார்கள். தசைப் பலம் மிக்க கார் என்று பொருள் கொள்ளலாம்.

இதன் சூத்திரம் மிக எளியது. நடுத்தர அளவுள்ள ஒரு சாதாரணக் குடும்பக் காரை எடுத்து, பெரிய காரின் எஞ்சினை அதற்குள் பொருத்துவது. ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியோ நடுத்தரக் கார்களில் அவ்வளவு பெரிய எஞ்சின் போடக் கூடாது என்று தனக்குள்ளே ஒரு விதி வைத்திருந்தது. அதன் பொன்டியாக் பிரிவில் தலைமைப் பொறியியலாளராக இருந்த ஜோன் டிலோரியனும் அவருடைய சகாக்களும் தந்திரம் செய்தார்கள். புதிய கார் என்று சொல்லாமல், இருக்கும் காருக்கு ஒரு 'மேலதிகப் பொருத்தம்' என்று கணக்குக் காட்டி, 1964ஆம் ஆண்டு மாதிரியில் ஜீ.ரி.ஓ. காரை வெளியிட்டார்கள். எஞ்சின் 6.4 லீற்றர், குதிரைவலு 325. மூன்று காபரேட்டர்கள் வேண்டுமென்றால் 348. ஐயாயிரம் விற்றால் போதும் என்று இருந்தவர்களுக்கு முதலாண்டிலேயே 32,450 விற்பனையாயிற்று. மற்றக் கம்பனிகள் சும்மா இருக்குமா? 1966இல் கிறைஸ்லரின் 'ஹெமி' எஞ்சின் 425 குதிரைவலுவோடு வீதிக்கு வந்தது. 1970இல் செவர்லே 450 குதிரைவலுவைத் தொட்டது.

அடுப்படிக்காரிக்குத் தெரியாததா?

எங்களுக்குப் பக்கத்தில் கருநீல நிற ஜீ.ரி.ஓ. ஒன்று நின்றது. அதன் பொனட்டுக்குள் குனிந்து நின்றவரைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு மூதாட்டி! அவருடைய கணவர் இளமையில் வாங்கிய காராம். இப்போது அவருக்குக் கை நடுங்குவதால் எஞ்சின் வேலையை மனைவியே பழகிக்கொண்டாராம். கணவர் நிழலில் அமர்ந்து சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் மொழிபெயர்க்க, எஞ்சினைச் 'சுதி சேர்ப்பது' எப்படி என்று அவர் விளக்கியபோது எனக்கு எங்கள் மண்ணெண்ணெய்க் குக்கர்தான் ஞாபகம் வந்தது. திரியில் எண்ணெய் கூடிக் காற்றுக் குறைந்தால் சுவாலை மஞ்சளாகி, சட்டியின் அடி கரி பிடிக்கும் அல்லவா? எஞ்சினும் அப்படித்தான். பெற்றோலையும் காற்றையும் கலப்பது காபரேட்டர். மெக்கானிக் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பார். கரி படிந்திருந்தால் பெற்றோல் கூடிவிட்டது. வெளுத்துப் போயிருந்தால் குறைந்துவிட்டது, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும். இளங்கபிலமாக இருந்தால் பக்குவம் சரி. அடுத்தது தீப்பொறி விழும் நேரம். அதைச் சிறிது முந்தவைத்தால் வலுக் கூடும். மிகவும் முந்தினால் எஞ்சினுக்குள் தட்டும் சத்தம் எழுந்து, நாளடைவில் பிஸ்டன் உடைந்தே போகும்.

அந்த ரோயல் ஓக் ஊரிலேயே 1960களில் 'ரோயல் பொன்டியாக்' என்றொரு விற்பனை நிலையம் இந்த வித்தைக்குப் பேர் போனது. மெல்லிய கேஸ்கட், பெரிய துவாரமுள்ள ஜெட், முந்திய தீப்பொறி என்று சில்லறை மாற்றங்களைச் செய்தே கார்களைப் பறக்கவிட்டார்கள். 1964இல் ஒரு பிரபல கார்ச் சஞ்சிகை ஜீ.ரி.ஓ.வின் வேகத்தை வானளாவப் புகழ்ந்து எழுதியது. சோதனைக்குக் கொடுத்த காரில் இருந்தது கடையில் விற்கும் எஞ்சின் அல்ல, அதைவிடப் பெரியது என்ற உண்மை பல்லாண்டுகளுக்குப் பிறகுதான் வெளிவந்தது. விளம்பரத்தை நம்பி ஏமாறுவது எங்கள் ஊரில் மட்டுமல்ல பாருங்கள்!

நிறுத்தத் தெரிய வேண்டாமா?

எஞ்சினைப் பற்றி இவ்வளவும் சொன்ன அந்த அம்மையார், பிறகு முன் சக்கரத்தருகே என்னைக் குனியச் சொல்லி ஒன்றைக் காட்டினார். புதிதாகப் பொருத்திய டிஸ்க் பிரேக். கார் தன் கைக்கு வந்ததும் எல்லாவற்றுக்கும் முதலில் தான் மாற்றியது இதைத்தான் என்றார்.

அப்போது எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது. காரணம் உண்டு.

என் நானாவின் மகன் ஒருவன் மோட்டார் சைக்கிள் பித்துப் பிடித்தவன். ஊரில் ஒரு கராஜில் கொடுத்து சைலன்சரை மாற்றி, காபரேட்டரை மாற்றி, வேகத்தைக் கூட்டிக்கொண்டான். "மாமி, இப்ப சத்தத்தக் கேளுங்களேன்!" என்று என் வாசலிலேயே முறுக்கிக் காட்டினான். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். பிரேக்கைப் பற்றி கராஜ் பாஸும் கேட்கவில்லை, வாப்பாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து வீதியைக் கடந்த ஒரு பெரியவருக்கு முன்னால் அவனால் நிறுத்த முடியாமல் போயிற்று. அல்லாஹ்வின் கிருபையால் இருவரும் பிழைத்தார்கள். அவனுடைய காயம் ஆறிவிட்டது. அந்தப் பெரியவர் இன்றும் காலை இழுத்துத்தான் நடக்கிறார். வேகத்தை அனுபவித்தவன் ஒருவன், அதன் விலையைச் செலுத்துபவர் வேறொருவர்.

அந்தப் பளபளக்கும் கார்களின் கதையும் இதுதான். 1964இன் ஜீ.ரி.ஓ. ஒன்றரைத் தொன்னுக்கு மேல் எடையுள்ளது. அதன் நான்கு சக்கரத்திலும் இருந்தவை பழைய 'டிரம்' பிரேக்குகள். அடுத்தடுத்து அழுத்தினால் அவை சூடேறிப் பிடி தளர்ந்துவிடும். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்துவதற்குரிய பிரயாசை நான்கு மடங்காகும் என்பது இயற்கையின் கணக்கு. ஓடுவதற்குப் பலத்தைக் கூட்டியவர்கள் நிற்பதற்குக் கூட்டவில்லை. முன் சக்கர டிஸ்க் பிரேக்கை விரும்பினால் வாங்கலாம் என்ற நிலை ஜீ.ரி.ஓ.வில் 1967இல்தான் வந்தது. 1966இல் மட்டும் அமெரிக்க வீதிகளில் 50,000க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அதற்கு முந்திய ஆண்டு ரால்ப் நேடர் என்ற சட்டத்தரணி, கார்களின் அமைப்பிலேயே உள்ள ஆபத்துக்களை ஒரு நூலில் அம்பலப்படுத்தியிருந்தார். 1966 செப்டெம்பரில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது.

கண்ணுக்குத் தெரியாத கூலி

இன்னொரு விலையும் உண்டு. தாய்மாராகிய நாங்கள் அறிந்திருக்க வேண்டியது.

இந்த எஞ்சின்கள் பெற்றோல் கலவையைப் பத்து மடங்குக்கு மேல் அமுக்கி எரித்தன. சாதாரணப் பெற்றோல் அதைத் தாங்காது. எஞ்சின் தட்டத் தொடங்கிவிடும். ஈயச் சேர்மானம் ஒன்றைக் கலந்தால் தட்டுவது நிற்கும் என்று 1921இல் ஜெனரல் மோட்டோர்ஸின் ஆய்வுகூடத்தில் தோமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தார். 1924இல் நியூ ஜேர்சியில் அதைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் புத்தி பேதலித்து இறந்தும் விற்பனை தொடர்ந்தது. புகையோடு வெளியான ஈயம் வீதியோர மண்ணிலும் முற்றங்களிலும் படிந்தது. அதில் விளையாடியவர்கள் பிள்ளைகள்தாம். 1979இல் ஹேர்பேட் நீடில்மன் என்ற குழந்தை மருத்துவர், பிள்ளைகளின் விழுந்த பாற்பற்களைச் சேகரித்து ஆராய்ந்தார். பல்லில் ஈயம் கூடிய பிள்ளைகள் அறிவுச் சோதனைகளிலும் கவனத்திலும் பின்தங்கியிருப்பதைக் காட்டினார். அந்தப் பிள்ளைகள் யாரும் பந்தயம் ஓடவில்லை!

1971ஆம் ஆண்டு மாதிரிகளில் ஜெனரல் மோட்டோர்ஸ் எஞ்சின்களின் அமுக்கத்தைக் குறைத்தது. இளைஞர்களின் கார்களுக்குக் காப்புறுதிக் கம்பனிகள் கட்டணத்தை ஏற்றின. 1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. பலசாலிக் கார்களின் காலம் அத்தோடு முடிந்தது. பொன்டியாக் என்ற பெயரும் 2010இல் மறைந்துவிட்டது. அமெரிக்க வீதிகளில் ஈயப் பெற்றோல் 1996இல் முற்றாகத் தடை செய்யப்பட்டது. எங்கள் இலங்கையில் அது 2002இல் நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. அந்த மூதாட்டியின் காரும் இப்போது ஈயமில்லாப் பெற்றோலில்தான் ஓடுகிறது. அதற்கென்றே எஞ்சினின் வால்வு இருக்கைகளை உறுதியானவையாக மாற்றியிருக்கிறார். பழைய அழகும் போகவில்லை, ஊருக்கு நஞ்சும் இல்லை.

திரும்பி வரும்போது...

மாலையாகியும் ஊர்வலம் ஓயவில்லை. பெற்றோல் புகையில் கண் எரிந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், அந்தக் கார்கள் அழகாகத்தான் இருந்தன. ஒரு பொருளை அறுபது ஆண்டுகள் பேணிக் காப்பதில் ஓர் அன்பு இருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எங்கள் பிள்ளைகள் ஓர் எஞ்சினைக் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொண்டால் அது நல்ல கைத்தொழில். அதையும் தடுக்க வேண்டாம்.

ஆனால் சகோதரிகளே, மகனோ தம்பியோ மருமகனோ வாசலில் வண்டியை முறுக்கிக் காட்டும்போது, தேநீரைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். "பிரேக் எப்படி மகன்? டயர் எப்படி? கடைசியாக எப்போது பார்த்தாய்?" என்று நின்று கேளுங்கள். எஞ்சினைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். இந்தக் கேள்விகளைக் கேட்க அது தேவையில்லை.

அன்றிரவு டியர்போர்னிலிருந்து நானாவின் மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்தக் கார்களின் குதிரைவலுவைச் சொல்லத் தொடங்கியதும் அவன் ஆவலோடு கேட்டான். முன் சக்கரத்து டிஸ்க் பிரேக்கைப் பற்றிச் சொன்னபோது சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு மெதுவாக, "அந்தப் பெரியவருடைய வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் மாமி" என்றான்.