மடுவின் மண்ணும் ஒரு பிடி செய்தியும்

பொம்மிடியிலிருந்து நாங்கள் எண்மர் சென்ற ஆண்டு கடல் கடந்து இலங்கைக்குச் சென்று வந்தோம். வெளிநாட்டுப் பயணம் என்றவுடன் எங்களைச் செல்வர் என எண்ணிவிட வேண்டாம். மரவள்ளி விற்ற பணமும், ஓய்வூதியமும், இரண்டாண்டுச் சீட்டுப் பணமும் சேர்ந்தே எங்களை விமானத்தில் ஏற்றின. ஞாயிறு மாலைகளில் அணைக்கட்டு ஓரத்து இலங்கைத் தமிழர் முகாமுக்குச் சென்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது எங்கள் சிறு குழுவின் பணி. 2021ஆம் ஆண்டு முதல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறினாலும், அங்குள்ளோர் வாய்க்கு இன்னும் அது 'கேம்ப்'தான். அவர்கள் விட்டு வந்த ஊரை ஒருமுறை கண்ணால் கண்டு வர வேண்டும் என்பதே பயணத்தின் நோக்கம்.

புறப்படுமுன் முகாமின் மூதாட்டி ஒருவர் எங்களை அழைத்தார். 1990ஆம் ஆண்டு போர் மூண்டபோது கைக்குழந்தையோடு மன்னாரிலிருந்து படகேறி இராமேசுவரத்தில் இறங்கியவர். அவர் கேட்டவை மூன்று. மடு மாதா கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி. அக்கோயில் மண் ஒரு பிடி. பேசாலையில் உள்ள தம் அக்காளிடம் ஒரு சேலை. பின்பு சற்றுத் தயங்கி, "எங்கட வீட்டையும் ஒருக்கால் பார்த்திட்டு வாங்கோ பிள்ளையள், கிணத்தடியில முருங்கை நிக்கும்" என்றார்.

பயணத்தின் பிற நாள்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கொழும்பில் கடை வீதி பார்த்தோம், கால் வலித்தது. மன்னாரில் கழித்த அந்த ஒரு நாளே சொல்லத் தக்கது.

விடியுமுன் வண்டி ஏறி மடுவை அடைந்தோம். பெருவழியிலிருந்து பிரிந்து காட்டினூடே செல்லும் பாதை அது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670ஆம் ஆண்டில், மாந்தையைச் சேர்ந்த இருபது குடும்பங்கள் அன்னையின் திருச்சொரூபத்தைச் சுமந்து கொண்டு இக்காட்டில் ஒளிந்தன என்பது மரபு. சொரூபம் பின்னரும் ஊர் விட்டு ஓட நேர்ந்தது. 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் போர் நெருங்கியபோது குருக்கள் அதனைத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்று, ஆகஸ்டில் மீண்டும் கொண்டு வந்தார்கள். 1990க்குப் பின் ஆயிரக்கணக்கானோர் இவ்வளாகத்தில் கூடாரமிட்டு வாழ்ந்தார்கள். 1999 நவம்பரில் இங்கேயே எறிகணை விழுந்து, அடைக்கலம் தேடி வந்தவர்கள் மாண்டார்கள். 2015 ஜனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் வந்து செபித்ததும் இவ்விடத்தில்தான். அன்று காலையில்தான் கொழும்பில் அவர் யோசேப் வாஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்தினார்.

எங்கள் பி.பள்ளிப்பட்டி லூர்து அன்னை ஆலயத்தில் திருவிழா நாளில் எழும் இரைச்சலை நினைத்துக் கொண்டு சென்ற எங்களுக்கு, அங்கு நிலவிய அமைதி புதிதாக இருந்தது. வெள்ளை உடுத்த சிங்களக் குடும்பம் ஒன்று முழந்தாளிட்டிருந்தது. மூதாட்டியின் மெழுகுவர்த்தியை ஏற்றினோம்.

மண் எடுக்கும்போதுதான் சிக்கல் எழுந்தது. மடு மண் பாம்பின் நஞ்சை முறிக்கும் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. வருவோர் அனைவரும் ஒரு பிடி எடுத்துச் செல்கிறார்கள். ஆனால் அயல்நாட்டு மண்ணை உரிய அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டு வருவது சட்டப்படி கூடாது. எங்களுள் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இதைச் சொன்னார். "ஒரு பிடி மண்ணில் என்ன குடி முழுகிவிடும்?" என்றாள் எங்கள் இளையவள். "பிள்ளைகளுக்கு நாமா பொய் கற்பிப்பது?" என்றார் அவர். இருவர் பக்கமும் நியாயம் இருந்தபடியால், மண்ணைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டு, முடிவு செய்யாமலே வண்டி ஏறினோம். முடிவு செய்யாதிருப்பதில் எங்கள் குழு வல்லது.

மன்னார்த் தீவுக்குப் பாலம் வழியே சென்றோம். போர்த்துக்கேயர் எழுப்பி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையையும், பள்ளிமுனையில் யானைக்கால் போன்ற அடிமரம் கொண்ட பெருக்க மரத்தையும், தெருவில் தம் விருப்பம்போல் திரியும் கழுதைகளையும் கண்டோம். தோட்டவெளியில், 1544ஆம் ஆண்டு யாழ்ப்பாண மன்னனின் ஆணையால் விசுவாசத்திற்காக உயிர் துறந்த மன்னார் மறைசாட்சிகளை நினைத்துச் செபித்தோம். தலைமன்னார் இறங்குதுறையில் நின்றபோது எங்களுக்குப் பேச்சு எழவில்லை. 1914 முதல் 1964ஆம் ஆண்டுப் புயல் வரை தனுஷ்கோடியிலிருந்து கப்பல் வந்தடைந்த துறை அது. சேலம் சீமையிலிருந்தும் எத்தனையோ ஏழைகள் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, பின் இக்கரையில் இறங்கி, தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றார்கள். அதே மண்டபத்தில்தான் பிற்காலத்தில் எங்கள் மூதாட்டியும் அகதியாகப் பெயர் பதிந்தார்.

பேசாலையில் அக்காளின் வீட்டை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. "வாங்கோ, இருங்கோ" என்று பாய் விரித்துத் தேத்தண்ணீர் கொடுத்தார். சேலையைப் பிரித்துப் பார்க்கவில்லை; முகத்தில் ஒற்றிக் கொண்டார். வீட்டைப் பற்றிக் கேட்டதும் எங்களை நடத்தியே அழைத்துச் சென்றார்.

கிணறு இருந்தது. முருங்கையும் இருந்தது. வீடும் இருந்தது; ஆனால் அதில் வேறொரு குடும்பம் குடியிருந்தது. அவர்களும் போரில் தம் ஊரை இழந்து வந்தவர்களே. கொடியில் பள்ளிச் சீருடைகள் காய்ந்தன. அந்த வீட்டுப் பெண் எங்களைக் கண்டு, யார் வந்திருக்கிறார்கள் என்பதை உணர்ந்து, வெளிறிப் போனாள். ஆயினும் செம்பில் தண்ணீர் மொண்டு தந்தாள். குடித்தோம்.

திரும்பும் வழியில், "இதைத் தங்கைக்குச் சொல்லலாமா?" என்று கேட்டோம். அக்காள் நெடுநேரம் பேசவில்லை. "உறுதி அவளின்ர பேரில இருக்குது. ஆனா அந்தப் பிள்ளையளை நான் எப்படி எழுப்புறது? நீங்கள் கண்டதைச் சொல்லுங்கோ. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றார்.

பிறகு எங்கள் இளையவள் கைக்குட்டையை அவிழ்த்து, மண்ணின் சிக்கலைச் சொன்னாள். அக்காள் அன்று முதன்முறையாகச் சிரித்தார். அதை வாங்கி ஒரு சிறு டப்பாவிலிட்டு, மாதா படத்தின் அடியில் வைத்தார். "இது இஞ்சயே இருக்கட்டும். அவள் வந்து எடுக்கட்டும்."

ஊர் திரும்பிய ஞாயிறன்று முகாமுக்குச் சென்றோம். கண்டதைக் கண்டபடி சொல்லி முடித்தோம். மூதாட்டி அழுவார் என்று அஞ்சியிருந்தோம். அவரோ சீருடை காய்ந்த கொடியைப் பற்றி, எத்தனை பிள்ளைகள், என்ன வயது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நாங்கள் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. டப்பாவைப் பற்றிச் சொன்னதும் எழுந்து உள்ளே சென்று, பழைய பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து வந்து எங்கள் ஆசிரியரின் மடியில் வைத்தார். உள்ளே மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்த மன்னார்ப் பிறப்புச் சான்று.

"நாட்டுக்குத் திரும்ப மனுப் போடுறதெண்டால் இது போதுமோ, மாஸ்டர்?" என்று கேட்டார்.

ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டு படிக்கத் தொடங்கினார்.