உருளைக்கிழங்கு வயலில் முளைத்த ஊர்

நியூயார்க்குக்குக் கிழக்கே, லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு விளைந்த நிலம் அது. 1947 முதல் 1951 வரை லெவிட் நிறுவனம் அங்கே 17,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டித் தள்ளியது. பேர் லெவிட்டவுன்.

வேலி போடக் கூடாதென்று விதி. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்! ஒரு வீட்டுப் புல்வெளியில் தொடங்கிய ஓட்டம் பத்தாம் வீட்டில்தான் நிற்கும். கோடையில் பொது நீச்சல்குளம். 1950-இல் வந்த வீடுகளில் மாடிப்படியோடு பதித்த தொலைக்காட்சிப் பெட்டி. பக்கத்து ஹிக்ஸ்வில்லில் லெவிட் கட்டிய வீட்டில் வளர்ந்தவர்தான் பாடகர் பில்லி ஜோயல்.

இன்று எழுபதைத் தாண்டியவர்கள் இதையெல்லாம் உருகிச் சொல்கிறார்கள். உருகட்டும், தப்பில்லை.

ஆனால் கறுப்பினக் குழந்தைகளுக்கு அந்த நினைவுகள் வாய்க்கவில்லை. வெள்ளையர் அல்லாதோர் அங்கே குடியிருக்கக் கூடாதென்று தொடக்ககால ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு.