கைக்கேற்ற கட்டை

மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனிவரை என் வலது கை 16 சென்டிமீட்டர். இதை அளந்து பார்க்கவே எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் என் குண்டுகள் ஏன் இடப்பக்கமே போகின்றன என்று கேட்டபோதெல்லாம் கிடைத்த பதில் ஒன்றுதான்: "உங்க கை கொஞ்சம் சின்னதும்மா. பழகப் பழகச் சரியாகிடும்."

பழகினேன். கை வளரவில்லை. முப்பத்து நான்கு வயதில் இனி வளரப் போவதும் இல்லை.

நான் போட்டிக்காகப் போனவள் அல்ல. விடுதி மாணவிகள் நான்கு பேரைச் சனிக்கிழமைகளில் பயிற்சிக்கு அழைத்துப் போவது என் வேலையில் ஒரு பகுதி. இரண்டு மணி நேரம் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் நானும் ஒரு பிஸ்டலை எடுத்தேன். அது என்னைப் பிடித்துக்கொண்டது.

ஏர் பிஸ்டலைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அதன் பிடி, போலீஸ்காரர் இடுப்பில் பார்க்கும் துப்பாக்கியின் பிடி போல இருக்காது. உள்ளங்கைக் குழி, விரல்கள் பதியும் பள்ளம், கையின் அடிப்பாகத்தைத் தாங்க ஒரு தட்டு என்று கையின் அச்சாகவே செதுக்கப்பட்ட மரக்கட்டை அது. சிறியது, நடுத்தரம், பெரியது என அளவுகளில் வரும். எங்கள் கிளப்பில் இருந்த எல்லா பிஸ்டலிலும் நடுத்தரம்தான். சமூகவியலில் முதுகலை படித்தவளுக்கு முதல் நாளே உறைத்திருக்க வேண்டும். நடுத்தரம் என்று எழுதியிருந்தால் அது யாருடைய கைக்கு நடுத்தரம் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். விசையை ஆட்காட்டி விரலின் முதல் கணுவிலுள்ள சதைப்பகுதி தொட வேண்டும். விரல் நேராகப் பின்னோக்கி இழுக்க வேண்டும். கட்டை பருமனாக இருந்தால் விரலின் நுனி மட்டும்தான் விசைக்கு எட்டும். நுனியால் இழுக்கும்போது அது இழுப்பாக இல்லாமல் தள்ளலாகிவிடுகிறது. வலது கைக்காரருக்குக் குண்டு இடப்பக்கம் ஒதுங்கும். எட்ட வேண்டுமே என்று கையைக் கட்டையைச் சுற்றித் திருப்பிப் பிடித்தாலோ, மணிக்கட்டு கோணி, முன்குறி பின்குறியின் பள்ளத்தில் நடுவில் நிற்காது. இரண்டு குறிகளுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு அடி தூரம். அதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 10 மீட்டருக்கு அப்பால் அது சுமார் 3 சென்டிமீட்டர். பத்தாம் வளையத்தின் மொத்த விட்டமே 11.5 மில்லிமீட்டர். ஆக, பத்தைப் பார்த்துச் சுட்டது ஏழின் ஓரத்தில் போய் விழும். போட்டியில் 60 குண்டு, 75 நிமிடம். அவ்வளவு நேரமும் மணிக்கட்டைக் கோணியே வைத்திருக்க யாரால் முடியும்?

இதையெல்லாம் நான் தேடிப் படிக்க ஆரம்பித்தது எனக்காக அல்ல. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, நால்வரில் மிகவும் அமைதியானவள், ஒரு சனிக்கிழமை வேனில் ஏறவில்லை. விடுதி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். "எனக்கு இது செட் ஆகாதுக்கா. என் கைய பாத்து சாரே சொல்லிட்டாரு" என்றாள். அவள் கையை வாங்கி என் கைமேல் வைத்துப் பார்த்தேன். என்னுடையதைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவு.

ஜெர்மனியில் ரிங்க், நில் என்று கட்டை செய்வதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் இருக்கின்றன. சின்னக் கைக்கும் கிடைக்கும். விலையோடு அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்த்துக் கணக்குப் போட்டால் என் ஒரு மாதச் சம்பளத்தைத் தொட்டது. அந்த வழியை மூடினேன். கிளப் பிஸ்டலின் கட்டையில் கை வைக்கக் கூடாது. கடைசியில் மூத்த வீரர் ஒருவர் தன்னிடம் சும்மா கிடந்த, அதே மாடலின் பழைய கட்டையைக் கொடுத்தார். "கெட்டுப்போனா போகட்டும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தை பெரிய உதவி.

அம்மா புது மண்வெட்டிக்குக் காம்பு போட்டதும் கண்ணாடிச் சில்லால் அதைச் சீவிக்கொண்டே இருப்பார். இரண்டு சீவல், ஒரு பிடி. மறுபடி சீவல். கடையில் வாங்கிய காம்பை அப்படியே வயலுக்கு எடுத்துப் போய் நான் பார்த்ததில்லை. அந்த ஞாபகத்தில்தான் அரத்தை எடுத்தேன்.

கையில் சாக்பீஸ் தூளைப் பூசிக்கொண்டு கட்டையைப் பிடித்தால் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்பது தெரிந்துவிடும். ஆட்காட்டி விரல் ஓடும் வலப்பக்கத்து மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அராவி, உப்புத்தாள் போட்டேன். உள்ளங்கையில் இடைவெளி இருந்த இடத்தில் எம்-சீலை அப்பி, ஈரமாக இருக்கும்போதே அழுத்திப் பிடித்தேன். அடித்தட்டை அதன் திருகைத் தளர்த்தி மேலேற்றினேன். விசையையே அதன் தண்டில் பின்னுக்கு நகர்த்தலாம் என்பதை ஒன்றரை வருடமாக யாரும் எனக்குச் சொல்லவில்லை! விதிகளையும் பார்த்துக்கொண்டேன். மணிக்கட்டுக்கு எந்தத் தாங்கலும் இருக்கக் கூடாது. கட்டையோடு சேர்த்து மொத்த பிஸ்டலும் 420க்கு 200க்கு 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும்.

மூன்று வாரம் ஆனது. கண்ணை மூடிக் கையை உயர்த்தி, கண்ணைத் திறந்தால் முன்குறி பள்ளத்தின் நடுவில் நின்றது.

பிறகு அவளிடம் கொடுத்தேன். முதலில் குண்டில்லாமல் இருபது முறை. அப்புறம் பத்து குண்டு. ஏழு, எட்டு, ஒரு ஆறு, இரண்டு ஒன்பது. சிதறல்தான். ஆனால் இடப்பக்கம் ஒதுங்காமல் நடுவைச் சுற்றியே சிதறியிருந்தது. "எட்டுதுக்கா, ஆனா இன்னும் கொஞ்சம் இழுத்துப் புடிக்க வேண்டியிருக்கு" என்றாள். உண்மைதான். அது என் கைக்கு அராவியது. இதற்குமேல் அராவினால் மரம் தாங்காது.

அதனால் கிளப்புக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அடுத்த முறை வாங்கும்போது சிறிய அளவுக் கட்டை இரண்டாவது வாங்குங்கள் என்று. அவள் கையை ஒரு வெள்ளைத்தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, அளவு குறித்து, அந்தத் தாளையும் கடிதத்தோடு இணைத்துக் கொடுத்தேன்.