ஆப்பிள் கைவிட்ட பிறகு

13 அங்குல மேக்புக் ப்ரோவில் ஒரு மாடல் 2012 ஜூனில் வெளிவந்தது. சிடி டிரைவ், ஈதர்நெட் துளை, கழற்றி மாற்றக்கூடிய ரேம் என்று பழைய பாணியில் செய்யப்பட்ட கடைசி மேக்புக் அதுதான். 2016 அக்டோபர் வரை ஆப்பிள் அதைப் புதிதாக விற்றது. அந்தக் கடைசி மாதத்தில் வாங்கியவருக்கு நான்கே ஆண்டில் கதவு சாத்தப்பட்டது. 2020 நவம்பரில் வந்த பிக் சர் இயங்குதளம் இந்த மாடலை ஏற்கவில்லை. முந்தைய கேட்டலினாவோடு நின்றுகொள் என்றது. கேட்டலினாவுக்கான பாதுகாப்பு அப்டேட்டும் 2022 ஜூலையோடு நின்றது. 2024-இல் குரோமும் அதைக் கைவிட்டது. மெஷின் மட்டும் சாகவில்லை. கீபோர்டு கல்லுப்போல இருக்கிறது, திரை தெளிவாக இருக்கிறது, அலுமினிய உடம்பில் நாலு கீறல், அவ்வளவுதான்.

இந்த மாதிரி மெஷின்களுக்குப் புது இயங்குதளம் ஏற்றித் தருவது எனக்குப் பாதி வேலை, பாதி பித்து. இதில் நான் கண்டது ஒன்றுதான்: ஏற்றுவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும், ஏற்றியதைக் காப்பாற்றிக்கொள்வதுதான் தொழில்.

சாஃப்ட்வேருக்கு முன்னால் ஸ்க்ரூடிரைவர். அடிமூடியில் பத்து ஸ்க்ரூ, அதில் மூன்று நீளம். எதை எங்கிருந்து எடுத்தோம் என்று ஒரு தாளில் படம் போட்டு அதன் மேலேயே வைத்துவிட்டால் மூடும்போது தடுமாற்றம் இருக்காது. டிராக்பேட் சரியாக அமுங்கவில்லை என்றால் அதன் அடியிலிருக்கும் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். உப்பியிருந்தால் அதை மாற்றாமல் வேறு எதிலும் கைவைக்கக் கூடாது. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட வேண்டும். 8 ஜிபி ரேம்தான் ஏற்கும் என்று ஆப்பிள் சொன்னாலும் 16 ஜிபி தாராளமாக ஏற்கும்.

இந்த மாடலின் நோஞ்சான் உறுப்பு, டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கும் பட்டையான சாட்டா கேபிள். அலுமினியத்தில் உரசி உரசியே பழுதாகும். திரையில் கேள்விக்குறி போட்ட ஃபோல்டர் வந்தால் பலரும் டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் போனது கேபிள்தான். சென்னை ரிச்சி தெருவில் வாங்கப் போனால் மாடல் ஆண்டைச் சொல்லிக் கேளுங்கள். 2011 கேபிளும் 2012 கேபிளும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். புதுசைப் பொருத்தும்போது அடியில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுவது என் வழக்கம். வன்பொருளில் ஊசலாட்டம் இருந்தால் பிறகு வரும் கோளாறு ஒவ்வொன்றுக்கும் பழி, புது இயங்குதளத்துக்காகப் போடும் பேட்ச் மேல்தான் விழும்.

புது இயங்குதளம் ஏற்றும் வேலைக்கான கருவி ஓப்பன்கோர் லெகசி பேட்சர். இதன் பூர்வீகம் சுவாரசியமானது. ஆப்பிள் தயாரிக்காத கம்ப்யூட்டரில் மேக் ஓஎஸ் ஓட்டும் 'ஹேக்கின்டாஷ்' ஆட்களுக்காக எழுதப்பட்ட பூட்லோடர்தான் ஓப்பன்கோர். ஆப்பிள் அல்லாததை ஆப்பிள் ஆக்கக் கற்றுக்கொண்ட வித்தை, ஆப்பிளே தள்ளிவைத்த ஆப்பிளுக்கு இப்போது கைகொடுக்கிறது.

அது செய்வது இதுதான். டிஸ்க்கின் ஓரத்தில் இஎஃப்ஐ என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. ஓப்பன்கோர் அங்கே உட்கார்ந்துகொண்டு, மேக் ஓஎஸ் எழுவதற்கு முன்னால் எழுந்துகொள்கிறது. மெஷினின் ஃபர்ம்வேரில் அது கைவைப்பதில்லை. புது இயங்குதளம் 'நீ எந்த மாடல்?' என்று விசாரிக்கும்போது, இது விர்ச்சுவல் மெஷின் என்று நினைக்க வைத்துவிடுகிறது. விர்ச்சுவல் மெஷினுக்கு மாடல் பட்டியல் சோதனை கிடையாது, கதவு திறந்துவிடும். ஆப்ஷன் பட்டனை அழுத்திக்கொண்டு மெஷினை ஆன் செய்து, 'இஎஃப்ஐ பூட்' என்ற படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கன்ட்ரோல் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் அடுத்த முறையிலிருந்து அதுவே தானாக எழும். இது நடக்காமல் மேக் ஓஎஸ் நேரடியாக எழப் பார்த்தால், குறுக்குக்கோடு போட்ட வட்டம் ஒன்று திரையில் வந்து நிற்கும். பயப்பட ஒன்றுமில்லை. மறுபடி ஆப்ஷன், மறுபடி கன்ட்ரோல்.

உள்ளே நுழைவது பாதி தூரம்தான். இந்த மெஷினின் இன்டெல் எச்டி 4000 கிராஃபிக்ஸுக்கான டிரைவரை, பிக் சருக்கு அடுத்த பதிப்பான மான்டரேயிலேயே ஆப்பிள் தூக்கிவிட்டது. டிரைவர் இல்லாத புது இயங்குதளத்தைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கும். ஒரு விண்டோவைப் பிடித்து இழுத்தால் விட்டு விட்டு நகரும், மெனு பார் சாம்பல் பூத்துக் கிடக்கும், ஃபேன் இரையும். பேட்சரைத் திறந்து 'ரூட் பேட்ச்' போட்டால் பிக் சர் காலத்து டிரைவர் மறுபடி உள்ளே போகும். ரீஸ்டார்ட் செய்து அதே விண்டோவை இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த ஒரு கணத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம் என்று தோன்றும்.

நான் மிகவும் ரசிக்கும் வித்தை மான்டரேக்கு அடுத்து வந்த வென்ச்சுராவில் இருக்கிறது. அந்தப் பதிப்பிலிருந்து ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி தெரிந்த பிராசஸர்தான் வேண்டும். அது இன்டெலின் 2013 ஹாஸ்வெல் தலைமுறையில் வந்தது. 2012 மெஷினுக்குத் தெரியாது. ஆனால் எம்1, எம்2 மேக்குகளில் இன்டெல்லுக்காக எழுதிய பழைய செயலிகளை ஓட்ட ரொசெட்டா என்ற மொழிபெயர்ப்பு ஏற்பாடு இருக்கிறது. அதற்காக ஆப்பிள் கொடுக்கும் இன்டெல் நூலகங்களில் ஏவிஎக்ஸ்2 கிடையாது. பேட்சர் செய்தவர்கள் இதைக் கவனித்து, புத்தம்புது சிப்புக்காகத் தயாரான அந்தத் தொகுப்பை எடுத்துப் பழைய இன்டெல் மெஷினில் நிறுவ வைத்தார்கள். பேரனுக்குத் தைத்த சட்டை தாத்தாவுக்குக் கச்சிதமாகப் பொருந்திய கதை இது.

இனி காப்பாற்றும் வேலை. பிக் சர் முதல் மேக் ஓஎஸ்ஸின் சிஸ்டம் பகுதி முத்திரையிட்டு வருகிறது. ரூட் பேட்ச் அந்த முத்திரையை உடைத்துத்தான் உள்ளே போக முடியும். இதனால் இரண்டு விளைவுகள். சின்ன அப்டேட்டுக்கும் முழு இன்ஸ்டாலரே, 10 ஜிபிக்கு மேல், இறங்கும். அப்டேட் ஆனதும் சிஸ்டம் பகுதி புதுசாகிவிடுவதால் போட்ட பேட்ச் அத்தனையும் காணாமல் போகும். 'அண்ணே, அப்டேட் போட்டேன், ஸ்க்ரீன் இழுக்குது, வைஃபையும் போச்சு' என்று போன் வந்தால் அது பழுதே இல்லை. பேட்சை மறுபடி போட வேண்டும், அவ்வளவுதான்.

வைஃபை போவது, வென்ச்சுராவுக்கு அடுத்த பதிப்பான சோனோமாவிலிருந்து வந்த தொல்லை. பழைய மேக்குகளின் வைஃபை கார்டுகளுக்கான ஆதரவை அதில் நீக்கிவிட்டார்கள். பேட்ச் போடத் தேவையான ஃபைல்களை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர பேட்ச் வேண்டும். 2012 ப்ரோவில் ஈதர்நெட் துளை இருப்பதால் தப்பித்தோம். மேக்புக் ஏர் வைத்திருப்பவர் ஐபோனை யூஎஸ்பியில் இணைத்துச் சமாளிக்கலாம். ஆகவே ஆட்டோமேட்டிக் அப்டேட்டை அணைக்காமல் நான் எந்த மெஷினையும் திருப்பிக் கொடுப்பதில்லை. பேட்சரில் எங்கே போய் எதை அழுத்துவது என்று எழுதிய தாளையும் கூடவே கொடுத்துவிடுவேன். அதைப் படிக்கப் பொறுமையில்லாதவருக்கு இந்த ஏற்பாடு சரிவராது.

எந்தப் பதிப்பைப் போடுவது? வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஆகப் புதியதை. நான் திருப்பிக் கேட்பது, எந்தச் செயலிக்காக வேண்டும் என்று. மான்டரே இந்த மெஷினில் மிக லேசாக ஓடும். ஏவிஎக்ஸ்2 தொல்லையும் வைஃபை தொல்லையும் அதில் இல்லை. ஆனால் அதன் பாதுகாப்பு அப்டேட் 2024 ஜூலையோடு முடிந்தது. மைக்ரோசாஃப்ட் ஆபீஸ், மேக் ஓஎஸ்ஸின் கடைசி மூன்று பதிப்புகளுக்குத்தான் ஆதரவு தரும். அது முக்கியமென்றால் சோனோமாவுக்கோ அதற்கடுத்த செக்கோயாவுக்கோ போக வேண்டும், பேட்சும் கூடும். போனாலும் எல்லாம் கிடைத்துவிடாது. ஐபோன் திரையை மேக்கில் காட்டும் வசதிக்கு டி2 சிப்போ, எம்1 போன்ற ஆப்பிள் சிலிக்கானோ வேண்டும். 2012 மெஷினில் அது வரவே வராது.

பாதுகாப்பைப் பற்றி மழுப்பக் கூடாது. முத்திரை உடைந்த, காவலைத் தளர்த்திய சிஸ்டம் இது. 2022-க்குப் பிறகு ஓட்டை அடைக்கப்படாத கேட்டலினாவைவிட மேல். ஆப்பிள் ஆதரவுள்ள மெஷினைவிடக் கீழ். எழுத, படிக்க, பாட்டுக் கேட்க, பிள்ளைகள் பாடம் படிக்கத் தாராளமாகப் போதும். அடுத்தவர் பணமும் ரகசியமும் புழங்கும் அலுவலக மெஷினுக்கு நான் இதைச் செய்து தருவதில்லை.

இந்த வித்தைக்கும் முடிவு குறித்தாயிற்று. 2025-இல் வந்த டஹோதான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு என்று ஆப்பிளே அறிவித்துவிட்டது. இதுவரை இன்டெல்லுக்கான இயங்குதளம் இருந்தது, நம் மாடலுக்குத்தான் அனுமதி இல்லை. அதனால் பேட்ச் போட முடிந்தது. இனி வரும் பதிப்புகள் இன்டெல்லில் எழவே எழாது, பேட்ச் போட அங்கே ஒன்றுமிருக்காது. அதன் பிறகு இந்த மெஷின்களுக்கு லினக்ஸ்தான் வழி, அதுவும் நல்ல வழியே. எனவே பேட்ச் போடலாம் என்று நம்பிப் பழைய இன்டெல் மேக்கைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் குப்பைக்கும் அனுப்பாதீர்கள். டைம் மெஷினில் ஒரு பேக்கப் எடுத்து வைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுங்கள். இன்னும் சில ஆண்டுகளுக்கு அது உழைக்கும்.